சுண்ணமும் வாதுமையும்: அணியும் மணம் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

‘மென்மையானது, பொடிபோன்றது, வாதுமை மணமுடையது’ என ஒரு வாசனைத் திரவியத்தை வருணிப்பது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. பேச்சுத் தமிழில் ‘சென்ட்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பொருளுக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் இவ்வளவு நுட்பமான அடைமொழிகளைத் தருகின்றன. இந்த வருணனையை அப்படியே தமிழில் சொல்லிப் பார்த்தால் மூன்று ஐயங்கள் எழுகின்றன. வாதுமைக்கு அப்படியொரு மணம் உண்டா? பொடி என்பது ஒரு வடிவம். அது எப்படி மணத்தின் பண்பாயிற்று? தென் அந்தமானின் கராச்சர்மா போல ஆண்டின் பெரும்பகுதி ஈரம் உலராத ஓர் ஊரில் இத்தகைய மணத்தை அணிந்துகொள்ள முடியுமா?

மூன்றாவது வினா அழகுக்கலை சார்ந்தது என்றும், முதலிரண்டு மட்டுமே ஆய்வுக்குரியவை என்றும் தோன்றலாம். நான் அவ்வாறு கருதவில்லை. ஒரு மணம் நமக்குப் பொருந்துமா என்பதைத் தமிழ் மரபு எவ்வாறு தீர்மானித்தது என்று பார்க்கும்போது, அது மணத்தைவிட மணத்தை அணியும் முறைக்கே முதலிடம் தந்திருப்பது புலனாகிறது. அந்த முறைகளைக் குறித்த சொற்களை நாம் இழந்துவருகிறோம் என்பதே இப்பதிவின் கவலை.

1. வாதுமை: பெயரும் மணமும்

கடையில் ‘பாதாம்’, அகராதியில் ‘வாதுமை’. இரண்டும் ஒரே மூலத்தின் இரு கிளைகள். பாரசீகத்தின் ‘பாதாம்’ என்னும் சொல்லும் வடமொழியின் ‘வாதாம’ என்னும் வடிவமும் உறவுடையவை. பின்னதன் வழி வந்தது ‘வாதுமை’, முன்னதன் வழி வந்தது ‘பாதாம்’. வணிகப் பொருள்கள் ஒரு மொழிக்குள் இருமுறை நுழைவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நாம் உண்ணும் இனிப்பு வாதுமைக்கு ஏறக்குறைய மணமே இல்லை. அதிலிருந்து பிழியும் எண்ணெயும் அவ்வாறே. நெய்யில் வறுத்தால் வறுவல் மணம் எழும். பாதாம் பாலில் நாம் நுகர்வது பெரும்பாலும் ஏலமும் குங்குமப்பூவுமே. ஐரோப்பியர் ‘வாதுமை மணம்’ என்று அழைப்பது கசப்பு வாதுமையின் மணம். கசப்பு வாதுமையில் அமிக்டலின் என்னும் பொருள் உள்ளது. பருப்பை நசுக்கி ஈரப்படுத்தினால் நொதிகள் அதைச் சிதைக்கின்றன, பென்சால்டிகைடு வெளிப்படுகிறது. அதனுடன் ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சும் வெளிப்படுகிறது. செர்ரி, பீச், ஆப்ரிகாட் ஆகிய பழங்களின் கொட்டைப் பருப்பிலும் இதே வேதியியல் நிகழ்வதால், ‘வாதுமை மணம்’ என்பதை ‘செர்ரி மணம்’ என்றும் சிலர் அழைக்கின்றனர்.

இந்த மணத்திற்கு அறிவியல் வரலாற்றில் தனி இடம் உண்டு. 1830-இல் ராபிக்கேயும் புத்ரோன்-ஷார்லாரும் அமிக்டலினைப் பிரித்தெடுத்தனர். 1832-இல் வோலரும் லீபிக்கும் கசப்பு வாதுமை எண்ணெயை ஆராய்ந்து, பல மாற்றங்களுக்கிடையிலும் மாறாது நிற்கும் ஓர் அணுத்தொகுதியை அதில் கண்டனர். கரிம வேதியியலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று இவ்வாறு ஒரு மணப்பொருளிலிருந்து பிறந்தது. 1834-இல் மிட்சர்லிக் தயாரித்த நைட்ரோபென்சீன் பிற்பாடு ‘மிர்பேன் எண்ணெய்’ என்ற பெயரில் மலிவான வாதுமை மணமாகச் சோப்புகளில் சேர்க்கப்பட்டது. அதன் நச்சுத்தன்மை பின்னரே உணரப்பட்டது.

அந்தமானில் இப்பெயருக்கு வேறொரு வாழ்வும் உண்டு. கடற்கரையோரம் அகன்ற இலைகளுடன் அடுக்கடுக்காகக் கிளைவிரித்து நிற்கும் நாட்டு வாதுமையைப் பலரும் ‘பாதாம் மரம்’ என்கின்றனர். தீவின் மரவணிகத்திலோ ‘பாதாம்’ என்பது அதே டெர்மினாலியா பேரினத்தைச் சேர்ந்த மற்றொரு காட்டுமரத்தின் பெயர். இவ்விரண்டும் கசப்பு வாதுமையின் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. அதன் மணமும் இவற்றிற்கு இல்லை. பருப்பின் வடிவமும் சுவையும் ஒத்திருந்தமையால் பெயர் இடம்பெயர்ந்தது. ஆகவே இத்தீவில் ‘வாதுமை மணம்’ என்று ஒருவர் சொல்லும்போது, கேட்பவர் நினைவில் எழுவது ஒரு மரமாகவோ தின்பண்டமாகவோ இருக்கக்கூடும்; ஐரோப்பியர் நினைக்கும் மணமாக இருப்பது அரிது.

2. மிளகிலிருந்து பிறந்த மென்மை

வாதுமை மணமுள்ள திரவியங்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. பென்சால்டிகைடு மட்டும் மிகுந்திருந்தால் மணம் கூர்மையாகவும் கசப்பாகவும் நிற்கும். அதை ‘மென்மை’யாகவும் ‘பொடிபோல’வும் ஆக்குவது பெரும்பாலும் வேறொரு பொருள். அதன் வேதிப்பெயர் பைபரோனால். வாசனைத் தொழிலில் ஹீலியோட்ரோப்பின். ஹீலியோட்ரோப் என்னும் ஊதாப்பூவின் மணத்தை நினைவூட்டுவதால் இரண்டாவது பெயர் வந்தது. வெண்ணிறப் படிகமாக இருக்கும் இப்பொருளின் மணத்தில் வாதுமையும் வனிலாவும் செர்ரியும் கலந்திருப்பதுபோல் தோன்றும்.

முதற்பெயர்தான் மொழியியலாளருக்குச் சுவையானது. 1819-இல் ஓர்ஸ்டெட் மிளகின் காரத்திற்குக் காரணமான பைபரினைப் பிரித்தெடுத்தார். 1869-இல் ஃபிட்டிக்கும் மீல்க்கும் அந்தப் பைபரினிலிருந்து கிடைக்கும் அமிலத்தை ஆக்சிஜனேற்றம் செய்து, இந்த இனிய மணப்பொருளை அடைந்தனர். மிளகின் இலத்தீன் பெயர் ‘பைப்பர்’; அதற்குமுன் கிரேக்கத்தில் ‘பெப்பெரி’; அதற்கும் மூலம் இந்திய மொழிகளின் ‘பிப்பலி’. பிப்பலி என்பது மிளகன்று. அது நம் திப்பிலி. திப்பிலியின் பெயர் மேற்கே சென்று மிளகின் பெயராயிற்று. மிளகின் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு வாதுமை மணத்தின் பெயராயிற்று. வாதுமை தீவுக்கு வந்து வேறு மரத்தின் பெயரானதுபோல, திப்பிலியும் கடல்கடந்து வேறு கொடியின் பெயரானது.

மேற்குக் கரைத் துறைகளுக்குப் பொன்னோடு வந்த யவன மரக்கலங்கள் மிளகை ஏற்றிக்கொண்டு திரும்பியதைச் சங்கப் பாடல்கள் பதிவுசெய்கின்றன. தெற்கு அந்தமானின் தோட்டங்களில் இன்று தென்னையிலும் கமுகிலும் ஏறிப் படர்வதும் அதே மிளகுக்கொடிதான். ஆயினும் பைபரோனால் ‘நம்முடையது’ என்று உரிமை கொண்டாடுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. விரைவிலேயே அதை மிளகிலிருந்து எடுப்பது நின்றது. சாஃப்ரோல் முதலான பிற மூலங்களிலிருந்து தொழில்முறையில் செய்யத் தொடங்கினர். மணத்தில் மிளகின் சாயல் சிறிதும் இல்லை. எஞ்சியிருப்பது பெயர் மட்டுமே. சொல்வரலாறு பல வேளைகளில் பொருள்வரலாற்றின் இறுதிச் சான்றாக நிற்கிறது என்பதற்கு இதைக் காட்டலாம்.

1868-இல் பெர்கின் செயற்கையாகத் தயாரித்த கூமரினும் இதனுடன் சேர்ந்தது. புதிதாக அறுத்துக் காயவைத்த வைக்கோலையும் வாதுமையையும் ஒருங்கே நினைவூட்டும் மணம் அது. 1906-இல் கெர்லான் நிறுவனம் வெளியிட்ட ‘அப்ரே லோந்தே’, 1912-இல் வெளியிட்ட ‘லூர் ப்ளூ’ ஆகியவை ஹீலியோட்ரோப்பினை மையமாகக் கொண்டவற்றுள் புகழ்பெற்றவை. 1998-இல் டியோரின் ‘ஹிப்னாட்டிக் பாய்சன்’ கசப்பு வாதுமையை மீண்டும் முன்னிறுத்தியது. இவற்றுள் முதலாவதன் பெயருக்கு ‘மழைக்குப் பின்’ என்று பொருள். கராச்சர்மாவில் இருந்துகொண்டு இதைப் படிப்பவருக்கு அப்பெயர் சற்று வேறாக ஒலிக்கும். அதைப் பிறகு காண்போம்.

3. ‘பொடி’ எப்படி ஒரு மணமாயிற்று

ஐரோப்பாவில் முகத்திற்கும் பொய்ம்முடிக்கும் பொடி பூசும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அப்பொடிகளுக்கு மணமூட்ட ஐரிஸ் செடியின் கிழங்கை ஆண்டுக்கணக்கில் உலர்த்தி இடித்துச் சேர்த்தனர். பின்னர் 1893-இல் டீமனும் க்ரூகரும் கண்டறிந்த அயனோன்கள் வயலட் மணத்தைத் தந்தன. ஹீலியோட்ரோப்பினும் பொடிகளில் கலந்தது. இம்மணங்கள் பொடியோடு நீண்டகாலம் சேர்ந்தே நுகரப்பட்டமையால், பொடி இல்லாத இடத்திலும் அவை பொடியை நினைவூட்டின. ‘பொடிபோன்ற மணம்’ என்பது இவ்வாறு ஒரு பண்பாட்டு நினைவு. பொருளிலக்கண நோக்கில் இது ஆகுபெயர்: வடிவத்தின் பெயர் அதனோடு வந்த மணத்திற்கு ஆகிவந்தது.

தமிழரின் நினைவிலும் இத்தகைய பொடி உண்டு. இன்று ‘பவுடர் வாசனை’ என்றால் தமிழ்நாட்டிலும் இத்தீவிலும் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. குளித்தபின் கழுத்திலும் மார்பிலும் அப்பிக்கொள்ளும் டால்கம் பவுடரின் மணம் அது. குட்டிக்குரா, பாண்ட்ஸ், கோகுல் சாண்டல் ஆகிய பெயர்கள் இன்றும் பல வீடுகளில் மணத்தின் பெயர்களாகவே வழங்குகின்றன. குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் பூசும் கையில் எஞ்சும் மணத்தை ஒரு தலைமுறை முழுவதும் அறியும். எனவே ‘பொடிபோன்ற’ என்பது தமிழர்க்கு விளங்காத அடைமொழி அன்று. அதற்கு நாம் புதிதாகச் சொல் தேட வேண்டியதில்லை. சொல் இருந்தது, அதுவே சுண்ணம்.

4. சுண்ணம்

‘சுண்ணம்’ பிராகிருதத்தின் வழியாக வந்த சொல். வடமொழியின் ‘சூர்ண’ அதன் மூலம். ஆகவே இங்கே தனித்தமிழ் வாதம் எதுவும் இல்லை. ஒரு கடன்சொல் ஒரு பண்பாட்டின் நடுவே வேரூன்றிய வரலாறுதான் இருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழாக் காதையில் புகாரின் மருவூர்ப்பாக்கத்து விற்பனையாளர் வரிசையாகச் சொல்லப்படுகின்றனர். வண்ணக்குழம்பு, சுண்ணப்பொடி, சந்தனம், பூ, புகைப்பொருள், கலவை மணம் எனத் தனித்தனிச் சரக்குகள் அங்கே பெயர் பெறுகின்றன. இப்பட்டியலைப் பல உரைகளும் வளத்தின் அடையாளமாக மட்டுமே கடந்துவிடுகின்றன. கூர்ந்து நோக்கினால் இது வடிவ அடிப்படையிலான வகைப்பாடு என்பது தெரியும். குழம்பு, பொடி, அரைத்த சாந்து, மலர், புகை, கூட்டு: ஒவ்வொன்றும் மணத்தை உடலில் ஏற்றும் ஒரு வழி. இன்றைய கடைகள் திரவியங்களை மலர்வகை, மரவகை, இனிப்புவகை என மணத்தால் பிரிக்கின்றன. புகாரின் கடைத்தெரு அணியும் முறையால் பிரித்தது.

அதே காப்பியத்தின் கடலாடு காதையில் மாதவியின் நீராட்டு வருகிறது. பத்துவகைத் துவரும் ஐந்துவகை விரையும் முப்பத்திரண்டுவகை ஓமாலிகையும் ஊறிய நீரில் அவள் கூந்தல் நனைகிறது; பின் புகையால் உலர்த்தப்படுகிறது; அதன்பின் கத்தூரிக் குழம்பு. நீர், புகை, குழம்பு என்னும் இவ்வரிசை தற்செயலானதன்று. துவர் தோலையும் முடியையும் இறுக்கித் தூய்மை செய்கிறது; விரை மணமூட்டுகிறது; புகை ஈரத்தை அகற்றி மணத்தை முடியில் நிறுத்துகிறது.

சுண்ணத்தைப் பற்றிய மிகச் சிறந்த சான்று திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் உள்ளது. குணமாலையும் சுரமஞ்சரியும் தோழியர். இருவரும் தத்தம் சுண்ணமே சிறந்தது என்று வாதிட்டு, தோற்றவள் புதுப்புனலில் ஆடுவதில்லை என்று ஒட்டம் வைக்கின்றனர். சீவகனிடம் வழக்கு வருகிறது. அவன் இரண்டு சுண்ணங்களையும் வானில் எறிகிறான். குணமாலையின் சுண்ணம் நிலத்தில் விழுமுன்பே வண்டுகள் மொய்த்து உண்கின்றன. சுரமஞ்சரியின் சுண்ணம் அப்படியே தரையில் படிகிறது. தீர்ப்பு கிடைத்துவிட்டது.

இக்காட்சியைக் காதல் கதையின் திருப்பமாகவே வகுப்பறைகளில் கற்பிக்கிறோம். அதை ஒரு சோதனைமுறையாகவும் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. சீவகன் சுண்ணத்தை மூக்கருகே வைத்து முகர்ந்து தீர்ப்பளித்திருக்கலாம். அவன் அதைத் திறந்த வெளியின் காற்றில் விடுகிறான். மணப்பொருள் கொள்கலத்தில் எப்படி மணக்கிறது என்பது வினாவன்று. காற்றில் கலந்தபின் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் அது உயிர்களை ஈர்க்கிறது என்பதே வினா. நடுவராக மனித மூக்கை அமர்த்தாமல் வண்டை அமர்த்தியது சார்பை நீக்கும் உத்தி. இன்று வாசனைத் தொழிலில் ஒருவர் கடந்து சென்றபின் காற்றில் நிற்கும் மணத்தடத்திற்குத் தனிச்சொல் உண்டு. சிந்தாமணி அதை அளந்து பார்க்கும் ஒரு காட்சியையே தந்திருக்கிறது.

5. வினைச்சொற்களும் பருவமும்

மணத்தை நாம் இன்று ‘போடுகிறோம்’ அல்லது ‘அடிக்கிறோம்’. ‘சென்ட் அடித்துக்கொண்டு வந்தான்’ என்பதில் தெளிப்பானின் இயக்கமும் சிறு ஏளனமும் சேர்ந்தே ஒலிக்கின்றன. பழைய வழக்கில் சாந்து பூசப்பட்டது, குழம்பு எழுதப்பட்டது, சுண்ணம் தூவவும் அப்பவும் பட்டது, பூ சூடப்பட்டது, கூந்தலுக்குப் புகை ஊட்டப்பட்டது, விரை நீரில் ஊறவைக்கப்பட்டது. ஒவ்வொரு வினையும் உடலின் எந்தப் பகுதி, எவ்வளவு அளவு, எவ்வளவு நேரம் என்பதை உள்ளடக்கியிருந்தது. ‘ஊட்டுதல்’ என்ற வினையை எண்ணிப் பாருங்கள். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் கூந்தலுக்குப் புகை ஊட்டப்படுகிறது. மெதுவாக, சிறிது சிறிதாக.

பருவமும் இதில் பங்கேற்றது. நெடுநல்வாடையில் கூதிர்க்காலம் வந்ததும் வடநாட்டிலிருந்து கொணர்ந்த அரைகல்லும் தென்னாட்டுச் சந்தனமும் பயனின்றிக் கிடக்கின்றன. மகளிர் அகிலும் வெள்ளயிரும் இட்டுப் புகைக்கின்றனர். சந்தனத்தின் மணம் குளிரில் கெட்டுவிடவில்லை. அரைத்த சாந்து ஈரமும் குளிர்ச்சியும் உடையது. வாடைக்காற்றில் அதைப் பூசுவது பொருந்தாது. புகை வெதுவெதுப்பும் உலர்ச்சியும் உடையது. ஈரமான கூந்தலுக்கு அதுவே உகந்தது. ஒரு மணம் அணியத்தக்கதா என்னும் வினாவுக்குச் சங்கப்பாட்டு தரும் விடை இது: வானிலையைப் பார், வடிவத்தை மாற்று.

ஐரோப்பாவில் 1709-இல் கொலோன் நகரில் ஃபரினா தொடங்கிய நறுமணநீர் போன்றவை ஆல்கஹாலை ஊர்தியாகக் கொண்ட மரபை வலுப்படுத்தின. குளிர்ந்த, உலர்ந்த காற்றுக்கு அம்மரபு ஏற்றது. அங்கே மணப்பொருள்கள் தாமாக எழுவதில்லை. ஆல்கஹால் ஆவியாகும்போது அவற்றையும் தூக்கிச் செல்கிறது. நம் நாட்டின் வெப்பத்தில் தூக்கிவிட வேண்டிய தேவை குறைவு. பிடித்து நிறுத்த வேண்டிய தேவையே மிகுதி. சாந்தும் சுண்ணமும் எண்ணெயில் கட்டிய அத்தரும் பிடித்து நிறுத்தும் வடிவங்கள்.

6. தீவும் மணமும்

அந்தமான் நிக்கோபார் தீவுகள் இவ்வரலாற்றின் ஓரத்தில் இருப்பவை என்று நினைக்க வேண்டியதில்லை. வங்கக்கடலைக் கடந்து சுமத்திரா சென்ற மணப்பொருள் வணிகம் இத்தீவுத் தொடரை ஒட்டியே சென்றது. தஞ்சைப் பெரியகோயிலில் உள்ள இராசேந்திர சோழனின் 1030-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அவனுடைய கடல்கடந்த படையெடுப்பைக் கூறும்போது ‘மாநக்கவாரம்’ என்று நிக்கோபாரைக் குறிக்கிறது. சுமத்திராவின் மேற்குக் கரையில், கருப்பூரத்திற்குப் புகழ்பெற்ற பாரூசை அடுத்த லோபு துவாவில், 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அக்கல்வெட்டு அவ்வூரை ‘வரோசு’ என்கிறது. கத்தூரியின் பெயரும் அதில் இடம்பெறுகிறது. பாண்டி நாட்டுச் சந்தனமும் சுமத்திராக் கருப்பூரமும் ஒரே சுண்ணத்தில் கலந்தபோது அவற்றுள் ஒன்று இக்கடலைக் கடந்து வந்திருந்தது.

தீவின் தொல்குடியினரின் மணப்பண்பாடு இன்னும் ஆழமானது. சிறிய அந்தமானில் வாழும் ஓங்கே மக்களிடையே நெடுநாள் களப்பணி செய்த மானிடவியலாளர் விஷ்வஜித் பாண்டியா 1993-இல் வெளியிட்ட நூலில், காற்றும் மணமும் அவர்களுடைய உலகநோக்கின் மையமாக இருப்பதை விரிவாக விளக்கினார். அவர்களுக்கு மணம் உயிராற்றல். அது உடலிலிருந்து அளவுக்கு மீறி வெளியேறினாலும், வெளியேறாமல் கட்டுண்டாலும் நோய். ஆவிகள் மனிதரை மணத்தால் தேடிவருகின்றன. ஒருவரையொருவர் காணும்போது மூக்கின் நலத்தைக் கேட்கும் வழக்கமும் பதிவாகியுள்ளது. உடலில் களிமண் பூசுவதற்கு அவர்கள் தரும் காரணங்களுள் ஒன்று, உடலின் மணம் வெளியேறுவதைக் கட்டுப்படுத்துவது.

நூற்றுச் சொச்சம் பேரே எஞ்சியுள்ள ஒரு மக்கள்குழுவின் உலகநோக்கை ஒரு திரவியத்தின் விளக்கத்திற்கு அணியாக்குவது முறையன்று. அந்த எச்சரிக்கையோடே இதைக் குறிப்பிடுகிறேன். ஆயினும் ஒப்பீட்டுக்குரிய செய்தி ஒன்று உண்டு. ஈரமும் வெப்பமும் மிகுந்த இத்தீவில், மணத்தைப் பற்றி மிக நுட்பமாகச் சிந்தித்த மக்கள் தம் உடலில் ஏற்றது தெளிக்கும் நீரையன்று. உலர்ந்து படியும் மண்ணை.

7. அப்படியானால், கராச்சர்மாவில் அணியலாமா?

போர்ட் பிளேர் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பகலில் வெப்பநிலை பெரும்பாலும் 30 பாகையை ஒட்டி நிற்கும்; ஈரப்பதம் பல மாதங்களில் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும். துணி எளிதில் உலராது, வியர்வையும் உலராது.

இச்சூழலில் மென்மையான பொடிவாதுமை மணம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதன் கூறுகளைக் கொண்டு ஊகிக்கலாம். பென்சால்டிகைடு எளிதில் ஆவியாகும். காற்றுப் பட்டால் மணமற்ற பென்சாயிக் அமிலமாக மாறும். ஆகவே வாதுமையின் கசப்பும் கூர்மையும் முதலில் மறைந்துவிடும். பைபரோனாலும் கூமரினும் மெதுவாக ஆவியாகுபவை, அவை எஞ்சும். பைபரோனாலின் உருகுநிலை ஏறத்தாழ 37 பாகை. மனித உடலின் வெப்பநிலையும் அதுவே. திரவியத்தில் அது கரைந்த நிலையில் இருப்பதால் இந்த ஒற்றுமைக்கு நேரடி விளைவு இல்லை. ஆயினும் உடற்சூட்டில் மெல்ல அவிழும் பொருள்களின் வரிசையில் அது நிற்கிறது என்பதை நினைவில் கொள்ள இவ்வெண் உதவும்.

எனவே நண்பகலில், வியர்வை படிந்த தோலில், தெளிப்பானால் தாராளமாக அடித்துக்கொண்டால் முதல் அரைமணி நேரத்தில் இனிப்பு மிகுந்து திகட்டும். பின்னர் வியர்வையோடு கலந்து கனக்கும். நெரிசலான பேருந்திலோ வகுப்பறையிலோ அருகிருப்பவருக்கும் அது சுமை. ‘இந்த ஊருக்கு இந்த மணம் ஆகாது’ என்ற முடிவுக்குப் பலரும் வருவது இதனால்தான். அந்த முடிவு மணத்தின் மீது விழும் பழி. பிழை முறையில் இருக்கிறது.

அதே மணத்தைச் சுண்ணமாக நடத்திப் பாருங்கள். மாலையில் குளித்துத் துவட்டியபின், உலர்ந்த தோலில், சிறிதளவு. அல்லது தோலைத் தவிர்த்துப் பருத்தித் துணியின் ஓரத்தில். அல்லது மணமற்ற பவுடரை முதலில் பூசி அதன்மேல் ஒரு துளி. ஈரத்தை உறிஞ்சும் ஒரு பரப்பு கிடைத்தவுடன் மணம் பரவாமல் தங்குகிறது. அருகில் வருபவர்க்கு மட்டும் கேட்கிறது. மழை விட்டு, காற்று சற்றே குளிர்ந்து, மண்ணின் மணம் எழும் பொழுதில் இது மிகவும் பொருந்தும். அப்பொழுதுக்கு ஏற்கெனவே ஒரு மணம் உண்டு. அதன்மேல் உரக்கப் பேசாத மணமே இசையும். ‘மழைக்குப் பின்’ என்று ஒரு பிரெஞ்சுக்காரர் 1906-இல் பெயரிட்டபோது அவர் நினைத்தது ஐரோப்பிய இளவேனிலின் ஒரு தூறலை. இங்கே மழைக்குப் பின் என்பது ஆண்டின் பாதி நாள்.

8. மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்

‘நாற்றம்’ இழிபொருள் அடைந்ததை எல்லா மொழியியல் வகுப்புகளிலும் சொல்கிறோம். அதோடு நின்றுவிடுகிறோம். விரை, வெறி, கடி, நறை ஆகியவை மணத்தைக் குறித்த வழக்கு மறைந்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 2014-இல் அசிஃபா மஜீதும் நிக்லாஸ் புரென்ஹுல்ட்டும் மலாய்த் தீபகற்பத்து ஜஹாய் மொழி பேசுவோர் நிறங்களைச் சொல்வதுபோலவே மணங்களையும் எளிதாகச் சொற்களால் குறிப்பதைச் சோதனை வழியாகக் காட்டினர். மனித மொழி மணத்தின்முன் இயல்பாகவே ஊமை என்னும் பழைய கருத்தை அது அசைத்தது.

தமிழும் ஊமையன்று. கவிச்சி, காந்தல், சிக்கு, முடை, மொச்சை, ஊசல், பச்சை வாசனை: எந்தப் பொருளின் பெயரையும் சார்ந்து நிற்காமல் மணத்தின் தன்மையையே சொல்லும் சொற்கள் நம் அடுக்களையில் இன்றும் உயிரோடு உள்ளன. ‘பச்சை வாசனை போகும்வரை வதக்கு’ என்பதில் ஒரு மணம் காலத்தை அளக்கும் கருவியாகவே ஆகிறது. ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை கெட்டுப்போனதையோ வேகாததையோ குறிப்பவை. இனிய மணங்களைப் பிரித்துச் சொல்லும் சொற்களே முதலில் உதிர்ந்திருக்கின்றன. உடலில் மணம் அணியும் பழைய முறைகள் வீட்டிலிருந்து விடைபெற்றபோது அவற்றின் சொற்களும் உடன் சென்றன என்பது என் கருதுகோள்.

இத்தீவின் தமிழில் இது இன்னும் விரைவாக நிகழ்கிறது. பொதுமொழியான இந்துஸ்தானியின் ‘குஷ்பூ’ வீட்டுப் பேச்சுக்குள்ளும் எளிதாக நுழைந்துவிடுகிறது. கடன்சொல் வருவதில் எனக்கு வருத்தமில்லை, சுண்ணமே கடன்சொல்தான். பல சொற்கள் நின்ற இடத்தில் ஒரே சொல் நிற்பதுதான் இழப்பு.

ஆகவே முதுகலை, ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு முதியோரிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். நலங்குமாவில், குளியல்பொடியில் என்னென்ன சேர்த்தனர். அவற்றின் மணத்தை எந்தச் சொல்லால் குறித்தனர்? மழைக்காலத்துக்கும் கோடைக்கும் அதில் வேறுபாடு இருந்ததா? மணத்தை ‘போடுவது’ தவிர வேறு என்ன வினைகள் வழங்கின? பூலாங்கிழங்கு, கத்தூரி மஞ்சள், வெட்டிவேர், கார்போகரிசி என்ற பெயர்களோடு நின்றுவிடாமல், அவை சேர்ந்தபின் எழும் மணத்திற்கு அவர்கள் பயன்படுத்திய அடைமொழியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊரையும் பேசியவரின் ஏறத்தாழ வயதையும் மட்டும் குறித்தால் போதும், பெயர் வேண்டா.

‘பொடிபோன்ற’ என்ற மொழிபெயர்ப்புக்கு மாற்றாக ‘சுண்ண மணம்’ என்று எழுதலாம் என்பது என் முன்மொழிவு. ‘சுண்ணம்’ இன்று சுண்ணாம்பையே நினைவூட்டுகிறது என்ற மறுப்பு எழலாம், அது நியாயமானதே. வேறு சொல் உங்கள் ஊர் வழக்கில் இருந்தால் பின்னூட்டத்தில் தாருங்கள். கல்வெட்டிலோ உரையிலோ சான்று கண்டவர்கள் அதையும் சேர்த்தால் இக்குறிப்பை விரிவாக்க உதவும்.